தேர்க்காலும் பள்ளிக்கூடத்து வாசலும்

பேத்தியைக் குன்றத்தூருக்கு அழைத்துப் போயிருந்தேன். செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சேக்கிழார் பிறந்த ஊர் இது என்று சொன்னதும், அவர் என்ன எழுதினார் என்று கேட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியபுராணத்தில் எதைச் சொல்வது? மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னேன். இளவரசன் தேரில் வருகிறான். கன்று ஒன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் அகப்பட்டுச் செத்துப்போகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் பரிகாரம் சொல்கிறார்கள். ராஜா கேட்கவில்லை. பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இடத் துணிகிறார். இந்த இடத்தில் பிள்ளைகள் கண்ணை அகலத் திறந்து ராஜாவைப் பற்றித்தான் கேட்பார்கள். இவள் கேட்டது வேறு.

"கன்னுக்குட்டியும் தேரும் ஏன் தாத்தா ஒரே ரோட்ல போச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அறுபது வருஷமாக இந்தக் கதையைக் கேட்டும் சொல்லியும் வருகிறேன். அரசனுடைய நீதியை நினைத்திருக்கிறேன், பசுவின் கண்ணீரை நினைத்திருக்கிறேன், அந்த இளவரசனுக்காகக்கூட வருத்தப்பட்டிருக்கிறேன். திருவாரூரின் அந்த வீதியை ஒருமுறையும் நினைத்ததில்லை. இறைவன் தோன்றி எல்லோரையும் உயிரோடு எழுப்பித் தந்தான் என்று கதை முடிகிறது. எழுந்த கன்று மறுநாள் எந்த வழியாக மேயப் போயிற்று என்பது அதில் இல்லை.

அவள் படிக்கிற பள்ளிக்கூடம் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தச் சாலையில் இருக்கிற எந்தப் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய இப்படித்தான். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் முப்பது வருஷத்துக்கு முன்பு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்வைத்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டைகள் வந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் கார் செய்யத் தொடங்கியது. வேலை வந்தது, வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு வீடுகள் வந்தன, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வந்தன. எங்கள் மகனும் மருமகளும்கூட அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். அதனால் இந்தத் தொழிற்சாலைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஊர் மூன்று மடங்கு பெருத்தபோது பள்ளிக்கூடத்து வாசல் மட்டும் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் நின்று பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிட்டு வருகிற கம்பெனி பஸ் ஒரு பக்கம். பகல் ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிற பஸ் மறுபக்கம். ராத்திரி முழுக்கத் துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னர் லாரி டீக்கடைக்கு எதிரே ஓரங்கட்டி நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில், முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் வருகிறது ஒரு ஸ்கூட்டி. எதிர்த்திசையில் வருவது தப்பு என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். நேர்த்திசையில் வர வேண்டுமானால் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஒன்பது மணிக்கு அவருக்குப் பஞ்ச் வைக்க வேண்டும். இவ்வளவையும் கடந்து பிள்ளையை கேட்டுக்குள் விட்டதும் எல்லாப் பெற்றோர் முகத்திலும் ஒரு தளர்வு தெரியும். இனிமேல் பயமில்லை என்கிற தளர்வு.

அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

கேட்டுக்குள் ஒரு மைதானம். அதே மண்ணில்தான் காலையில் பிரேயர், மத்தியானம் பி.டி. பீரியட், மற்ற நேரமெல்லாம் வேன்கள் நிற்கும். கேட் ஒன்றுதான். வேன்கள் மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு வந்து சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும். பிள்ளைகள் இறங்குவார்கள். பிறகு ஒவ்வொரு வேனும் பின்னால் வந்து, வளைந்து, திரும்பி, அடுத்த டிரிப்புக்கு வெளியே போகும். "வா... வா... வரட்டும்... ஸ்டெடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பின்னால் வருகிற வேனுக்கும் வகுப்பறைத் திண்ணைக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் பிள்ளைகள் நடக்கிற இடம். நடக்கிற இடம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அந்த வயதில் யாரும் நடப்பதில்லை. ஓடுவார்கள், நடுவில் நிற்பார்கள், திரும்பி ஓடுவார்கள்.

2022 மார்ச் 28 அன்று சென்னை ஆழ்வார்திருநகரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து வளாகத்துக்குள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி வேனில் அடிபட்டு இறந்துபோனான். வேனிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டவன் அவன். எதையோ வண்டியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து எடுக்கத் திரும்பியிருக்கிறான். வேனை நிறுத்துவதற்காக நகர்த்திக்கொண்டிருந்த ஓட்டுநரின் கண்ணில் அவன் படவில்லை. நெடுஞ்சாலையில்லை, மழையில்லை, இருட்டில்லை, வேகமுமில்லை. காலை வேளை, பள்ளிக்கூடத்து மண், ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு வண்டி.

செய்தியைப் படித்த அன்று அந்தத் "திரும்பியிருக்கிறான்" என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். எந்தப் பிள்ளை எதையும் மறக்காமல் வண்டியிலிருந்து இறங்கியிருக்கிறது? தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, டைரி, ஒற்றை ஷூ, அன்று பிறந்தநாள் என்றால் மிட்டாய் டப்பா. மறப்பதும் ஞாபகம் வந்ததும் திரும்பி ஓடுவதும் பிள்ளைக்கு மூச்சு விடுவது மாதிரி. அப்படி ஓடிவரும் என்று தெரிந்தே அமைக்கப்பட்ட இடத்துக்குப் பெயர்தான் பள்ளிக்கூடம். அது தெரியாமல் அமைக்கப்பட்டது எத்தனை மாடி உயர்ந்தாலும் பஸ் டிப்போதான்.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமானது. வழக்குப் பதிவு, கைது, பள்ளிக்கு நோட்டீஸ். அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று விதிகளைத் திருத்தினார்கள். அந்த விதிகளே ஒரு பிள்ளையின் சாவிலிருந்து பிறந்தவைதாம். 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்துக்குப் பக்கத்தில் முடிச்சூர் சாலையில், ஓடுகிற பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே எடுத்து விசாரித்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர் என்று வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கிற விதிகள். நல்ல விதிகள். அவற்றால் பிழைத்த பிள்ளைகள் இருப்பார்கள். பிழைத்ததால்தான் அவர்கள் யாரென்று நமக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இரண்டு சாவுகளுக்குப் பிறகும் நாம் வண்டியைத்தான் திருத்தியிருக்கிறோம். ஒரு தடவை தரை, ஒரு தடவை கேமரா. அந்த வண்டி ஓடுகிற மண்ணை, அது நுழைகிற வாசலை, அது திரும்புகிற மூலையை அதே கண்டிப்போடு பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று சிட்டிபாபு குழுவின் பரிந்துரையில் கணக்கு இருக்கிறது: கிராம ஊராட்சி என்றால் 3 ஏக்கர், மாநகராட்சி என்றால் 6 கிரவுண்டு. அந்த நிலத்துக்குள் பிள்ளை எந்த வழியில் நடக்கும், வண்டி எந்த வழியில் போகும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், 3 ஏக்கரும் காலை எட்டரை மணிக்கு ஒரு சந்துதான்.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடத்தில், அடுப்பிலிருந்து பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அடுப்பை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு அன்று நாம் நிறுத்திக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடங்களின் கூரையிலிருந்து கீற்றையே இறக்கினோம். மாடிப்படியின் அகலத்தை அளந்தோம். ஆசிரியரின் விழிப்பை நம்பி விட்டுவிடாமல் கட்டடத்தை மாற்றினோம். ஒரு தலைமுறையே கீற்றுக்கொட்டகை வகுப்பறை தெரியாமல் வளர்ந்துவிட்டது. ஆழ்வார்திருநகருக்குப் பிறகும் அப்படி ஒன்று நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிற தம்பியிடம் ஒருநாள் சாயங்காலம், உன் சீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ஏறுங்க ஐயா" என்று கதவைத் திறந்துவிட்டான். பேத்தியின் புத்தகப்பையை வண்டிக்கு முன்னால் தரையில் வைக்கச் சொன்னேன். தெரியவில்லை. ஓரடி தள்ளி வைக்கச் சொன்னேன். தெரியவில்லை. இன்னும் இரண்டு மூன்று முறை தள்ளிய பிறகுதான் பையின் மேல்முனை கண்ணில் பட்டது. பின்பக்கம் வைத்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"லேஸ் கட்டறதுக்கு ஒரு பையன் முன்னாடி குந்திட்டான்னா எனக்குத் தெரியாது ஐயா. இறங்கிச் சுத்திப் பார்த்துட்டுதான் எடுப்பேன். ஆனா பார்த்துட்டு ஏறி உட்கார்றதுக்குள்ள ஒருத்தன் வந்துட்டான்னா?" என்றான். பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ரிவர்ஸ் எடுக்கறப்ப ஆயாம்மா பின்னாடி நிக்கணும். ஆனா அதே ஆயாம்மாதான் எல்.கே.ஜி. பசங்க கையப் புடிச்சு கிளாஸ்ல கொண்டுபோய் விடணும். நான் ரிவர்ஸ் எடுக்கற நேரத்துல அவங்க கிளாஸ்லதான் இருப்பாங்க."

இதில் யார்மேல் குற்றம் சொல்வது? அந்த ஆயாம்மா சோம்பேறி இல்லை. ஒரே நிமிஷத்தில் இரண்டு இடத்தில் நிற்க அவரால் முடியாது. எல்லோரும் எல்லா நாளும் தூங்காமல் கவனமாக இருந்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்றால் அந்த ஏற்பாடே தப்பு. ஓட்டுநருக்கு முதல்நாள் தூக்கம் கெட்டிருக்கும். ஆயாம்மாவின் பேரனுக்குக் காய்ச்சலாக இருக்கும். மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள். மண்ணில் போட்ட ஏற்பாட்டுக்குக் காய்ச்சல் வராது.

என்ன ஏற்பாடு? பள்ளிக்கூடத்து வளாகத்துக்குள் எந்த வண்டிக்கும் ரிவர்ஸ் கியர் போடத் தேவையே வரக்கூடாது. என்னைக் கேட்டால் முதல் விதி இதுதான். ஒரு வாசலில் நுழைந்து, நேராகப் போய், பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறு வாசலில் வெளியே போக வேண்டும். ஒரே வாசல் இருக்கிற இடத்தில் வண்டி பின்னால் வந்தே தீரும். எவ்வளவு நல்ல ஓட்டுநரானாலும் வேறு வழியில்லை.

இரண்டாவது, வண்டி எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பது. கோவிலில் நாம் வலமாக வருகிறோம், சந்நிதி வலக்கைப் பக்கம் இருக்கும்படி. பள்ளி வேன் இடமாக வர வேண்டும். நம் ஊர் வேனுக்கும் பஸ்ஸுக்கும் படி இடப்பக்கத்தில் இருக்கிறது. வகுப்பறைகள் வண்டியின் இடப்பக்கம் வந்தால் பிள்ளை படியிலிருந்து இறங்கித் திண்ணையில் ஏறிவிடும். வலப்பக்கம் வந்தால் இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ குறுக்கே போயாக வேண்டும். அதாவது புத்தகப்பை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தத் தூரத்துக்குள். சுற்றுகிற திசையை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. இதைக்கூட எத்தனை பள்ளிகள் யோசித்திருக்கின்றன?

மூன்றாவது நேரம். வண்டி நகர்கிற மண்ணில் பிள்ளை இருக்கக்கூடாது, பிள்ளை இருக்கிற மண்ணில் வண்டி நகரக்கூடாது. இடத்தால் பிரிக்க முடியவில்லை என்றால் நேரத்தால் பிரிக்கலாம். சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே எல்லா வேன்களும் வெளியே பார்த்தபடி வரிசையாக நின்று எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஏறி, கதவுகள் சாத்தி, ஆயாம்மாக்கள் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் முதல் சாவி திரும்ப வேண்டும். நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைகள் அதற்குப் பத்து நிமிஷம் முன்பே, தங்களுக்கென்று இருக்கிற சின்ன வாசல் வழியாக வெளியேறியிருக்க வேண்டும்.

சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெச்.எம். அம்மாவிடம் போய்ப் பேசினேன். பி.டி. சாரும் வந்தார். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடுபாதை போடுகிற சுண்ணாம்புப் பொடி மூட்டை ஒன்று ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்தது. வளாகத்தின் மேற்கு மூலையில், பள்ளி கட்டியபோது ஜல்லி லாரி வந்துபோன பழைய கேட் ஒன்று, பூட்டுத் துருப்பிடித்து, எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. ஏன் திறப்பதில்லை என்று கேட்டேன்.

"ஒரு வாட்ச்மேன்தான் சார் இருக்காரு. ரெண்டு கேட்டைத் திறந்து வச்சா புள்ளைங்க எந்தப் பக்கம் ஓடும்னு யாரு பார்க்கறது? அன்னியன் எவனாவது உள்ள வந்துட்டா?" என்றார் ஹெச்.எம். அம்மா.

நியாயமான பயம். பிள்ளை காணாமல் போகும் என்ற பயம் எல்லாப் பள்ளிக்கூடத்து வாசல்களையும் ஒன்றாகக் குறுக்கிவிட்டிருக்கிறது. ஒரு பயத்துக்காக அடைத்த கதவு இன்னொரு ஆபத்தைச் சுவருக்குள் சேர்த்து வைக்கிறது. கடைசியில், காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மட்டும் அந்தக் கேட்டைத் திறப்பது, வண்டி மட்டும் போவது, அலுவலக உதவியாளர் அங்கே நிற்பது என்று முடிவாயிற்று. எருக்கஞ்செடியை வெட்டினார்கள். பூட்டுக்கு எண்ணெய் விட்டார்கள். பி.டி. சார் குனிந்து குனிந்து சுண்ணாம்புக் கோடு இழுத்தார். வண்டிப் பாதை ஒன்று, அதற்கும் திண்ணைக்கும் நடுவில் நடைபாதை ஒன்று, கோட்டின்மேல் ஓரமாகப் பழைய டயர்களில் செடித்தொட்டிகள்.

முதல் இரண்டு நாள் கூச்சல்தான். வெளியே போக நேரமாகிறது என்று வேன் ஓட்டுநர்கள் சொன்னார்கள். பைக்கில் வருகிற அப்பாக்கள், என் பிள்ளையை வகுப்பு வாசல் வரை கொண்டுபோய் விட்டால் என்ன தப்பு என்றார்கள். மூன்றாம் நாள் மழை வந்து கோட்டை அழித்தது, திரும்பப் போட்டார்கள். அந்த வாரத்துக்குள் எனக்குத் தெரிந்த மாற்றம் ஒன்று உண்டு. "வா... வா... வரட்டும்" என்கிற குரல் அந்த மைதானத்தில் கேட்கவில்லை. அது இல்லாமல் போனதும்தான், அது எத்தனை வருஷமாக அங்கே கேட்டுக்கொண்டிருந்தது என்று எல்லோருக்கும் உறைத்தது. ஆயாம்மா ஒரு வேலையை மட்டும் செய்தார். பிள்ளைகள் கையைப் பிடித்து வகுப்பில் விட்டார்.

ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு வரத்து ஒரு பக்கம், மதகு ஒரு பக்கம். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுமுள்ள நீரை ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நீர் வருகிற வழியிலேயே போகும்படி எந்தக் காலத்திலும் யாரும் ஏரி வெட்டியதில்லை. எவ்வளவு வரும், எப்போது வரும், எந்த வழியாகப் போகும் என்று மூன்றையும் யோசிக்காதவன் கரை கட்டமாட்டான். 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆயிற்று என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சாயங்காலம் மூன்றரை மணிக்கு ஒரே மணியில் ஆயிரம் பிள்ளைகளை ஒரே வாசல் வழியாகத் திறந்துவிடும்போது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. நம் முன்னோர் தண்ணீருக்குக் காட்டிய மரியாதையை நாம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம்.

சுவருக்குள் இவ்வளவு. சுவருக்கு வெளியே இருப்பது இதைவிடக் கடினம். வேனுக்குக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அரசு சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிள் ஓடுவதற்கு ஒரு முழ அகலப் பாதைகூட இந்தச் சாலையில் கிடையாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். எந்த வண்டியும் ஓட்டாமல், யாரையும் இடிக்காமல், வெறுமனே நடந்து போனவர்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. குறுக்கே ஓடுகிற பிள்ளையைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும். அதற்குள் ஒரு வகுப்பறையின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு கடந்துவிடும். 30-இல் வந்தால் அதில் பாதி. பிரேக் பிடித்த பிறகு வண்டி உருளுகிற தூரமோ 60-இல் இருப்பதில் கால்வாசிதான். ஆகவே பள்ளிக்கூடத்து முன்னால் வண்டியை மெதுவாக்குவது உபகாரமில்லை, கணக்கு. "மெதுவாகச் செல்லவும், பள்ளிக்கூடம்" என்று மஞ்சள் பலகை நட்டால் கன்டெய்னர் லாரி மெதுவாகாது. சாலையே நடைபாதையின் மட்டத்துக்கு உயர்ந்து, பிள்ளை சமதரையில் நடக்க, வண்டி மேலே ஏறி இறங்கும்படி கடக்கும் மேடை கட்டினால் மெதுவாகும். நம் ஊரில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். வண்டி சமதரையில் போகிறது, எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் நடைமேம்பாலப் படியேறுகிறார்கள்.

இதே கேள்வியை இன்னொரு நாடு ஐம்பது வருஷத்துக்கு முன்பே கேட்டது. 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன ஆறு வயது மகளை இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று தலைப்பிட்டு எழுதினார். விபத்து என்று எழுதாமல் கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவில் இறங்கி நின்றார்கள். இன்று நாம் படங்களில் பார்த்து வியக்கிற அந்த நாட்டுச் சைக்கிள் பாதைகள் இயல்பாக வந்தவையல்ல. அன்றைய டச்சுத் தெருக்கள் கார்களால் நிறைந்திருந்தன. இத்தாலியில் போல்சானோ என்ற ஊர் 1989-இலேயே, பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் சற்று நேரம் பள்ளித் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடப் பழகியது. கோவில் தேர் வருகிற அன்று நம் தெருக்களில் ஒரு வண்டியும் நுழைவதில்லை. நமக்கும் தெரிந்த வழக்கம்தான் அது. வருஷத்துக்கு ஒருநாள் தேருக்குச் செய்வதை, தினமும் கால்மணி நேரம் பிள்ளைகளுக்கு, குறைந்தது நெடுஞ்சாலையைத் தொடாத உள்தெருக்களிலாவது செய்யலாம்.

பேத்தியின் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. தேர் போகிற வீதியைப் போட்டவர்கள் கன்றை நினைக்கவில்லை, அதுதான் பதில். மனுநீதிச் சோழனைப்போலத் தண்டிக்கிற உறுதி நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஓட்டுநரைப் பிடிக்கிறோம். பிடிக்க வேண்டியதுதான். ஆனால் கன்று உயிர்த்தெழுவது புராணத்தில் மட்டும் நடக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்பு, மாவட்டத்தின் பள்ளி வாகனங்களையெல்லாம் ஒரு மைதானத்துக்கு வரவழைத்துப் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஆய்வு செய்கின்றன. படியின் உயரத்தைப் பார்க்கிறார்கள், தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், கேமரா ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த அதிகாரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஆண்டில் வண்டி உங்களிடம் வரட்டும், நீங்கள் வளாகத்துக்கு வாருங்கள். ஒரு நாடாவும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் போதும். வாசல் எத்தனை, வண்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது, எங்கே ரிவர்ஸ் எடுக்கிறது, நடந்து வருகிற பிள்ளைக்குத் தனி வழி உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் எடுக்காமல் வண்டி வெளியேற முடியாத பள்ளிக்கூடத்துக்கு, இன்னொரு கேட் வைக்கும் வரை, வாகனச் சான்று கொடுக்காதீர்கள்.